ஆறு காலிங் பெல்லும் ஒரு மத்தும்

போன மாதம் அலுவலகத்தில் எதிர் மேசைக்காரர் ஒரு பார்சலைப் பிரித்தார். பழைய வீடியோ பார்லர்களில் ஆளுயரத்துக்கு நிற்குமே, குச்சியை ஆட்டிப் பொத்தானைத் தட்டி விளையாடுகிற பெட்டி, அதைக் குட்டியாக நாமே பூட்டிக்கொள்கிற மாதிரி இப்போது விற்கிறார்கள். வெட்டிவைத்த பலகைத் துண்டுகள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை, பன்னிரண்டு திருகாணி, படம் போட்ட வழிகாட்டித் தாள். சாப்பாட்டு இடைவேளைக்குள் பூட்டி முடித்துவிட்டு, "மேடம், பாத்தீங்களா? நானே செஞ்சது!" என்றார். பன்னிரண்டு திருகாணிக்கு இத்தனை பெருமையா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் ஒட்டுப்பலகை வாசனை மூக்கில் ஏறிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சம்பவம் என்பது புரியும்.

ஒட்டுப்பலகை என்றால் எனக்குக் கல்கத்தாவில், டாக்குரியாவில் நாங்கள் குடியிருந்த வீட்டு வராந்தா. அப்பாவுக்குக் கப்பல் சம்பந்தப்பட்ட ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, தொண்ணூறுகளின் பின்பாதியில் கல்கத்தாவில் இறக்கியிருந்தார். எந்த நேரமும் மறுபடி மாற்றல் வரலாம் என்பது அவருடைய மத நம்பிக்கை. அதனால் தேயிலை வருகிற ஒட்டுப்பலகைப் பெட்டிகள் எட்டு வாங்கி, சிவப்புப் பெயிண்டில் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டு, வராந்தாவில் அடுக்கிவைத்திருந்தார். விளிம்பில் தகரப் பட்டை, உள்ளே வெள்ளிக் காகிதம். மழைக்காலத்தில் பெட்டிகள் ஈரம் குடித்தால் வீடு முழுக்கத் தேயிலை மணக்கும். நாங்களோ காப்பிக்காரர்கள். அம்மா காப்பிப்பொடிக்காக லேக் மார்க்கெட் வரை போய், கண்ணெதிரே அரைத்து வாங்கி வருவாள். எங்கள் வீட்டில் தேயிலை வாசனையாக மட்டும்தான் குடியிருந்தது.

மூன்று மாடி வீடு அது. கீழே காது சரியாகக் கேட்காத ஒரு வயதான தம்பதி. நடுவில் வீட்டுக்காரர். மேலே நாங்கள். வீட்டுக்காரரின் மகள் டும்பாவும் நானும் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு, நீளமாக, அழகாக. அது வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் புழங்கியதில்லை.

ஸ்டேஷனுக்குப் போகிற சந்தில் ஒரு வீடியோ பார்லர் இருந்தது. கறுப்புத் திரை தொங்கும். உள்ளிருந்து குண்டு வெடிக்கும், குதிரை கனைக்கும், யாரோ ஜெயித்ததற்குக் குழல் ஊதும். எங்கள் வகுப்புப் பையன்களெல்லாம் அங்கேதான் மோட்சம் அடைந்தார்கள். ஒரு நாள் நானும் டும்பாவும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனோம். நடத்துகிறவர் பாப்பாதா. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், மீசை வைத்த ஆள். "தா" என்றால் அங்கே அண்ணன். அவர் எங்களைப் பார்த்தார். அதட்டவில்லை. மிகவும் அன்பாக, "ஏட்டா மேயேதேர் ஜாய்கா நொய்" என்றார். பெண்பிள்ளைகளுக்கான இடம் இல்லையாம். அதட்டியிருந்தாலாவது பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். அன்பாகச் சொன்னதை என்ன செய்வது?

வெளியே வந்து டும்பா ஒரு பொட்டலம் பொரிக் கலவை வாங்கி முழுதாகத் தின்று முடித்தாள். காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, "தாஹொலே ஆம்ராயி பானாபோ" என்றாள். அப்படியானால் நாமே செய்வோம்.

செய்வதற்கு என்ன இருந்தது என்று பார்த்தோம். கித்திர்பூர் துறைமுகச் சந்தையிலிருந்து அவளுடைய மாமா வாங்கித் தந்த ஒரு டிவி கேம். டப்பாவில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். ஏழு ஆட்டங்களைத்தான் பெயர் மாற்றி, சட்டை நிறம் மாற்றி ஆயிரக்கணக்காக்கியிருந்தார்கள். கையில் பிடிக்கிற பொத்தான் பலகையின் உள் ரப்பர் கிழிந்துபோய்ச் சும்மா கிடந்தது. அடுத்து, கரண்ட் போனால் பேட்டரியில் கிரிக்கெட் பார்ப்பதற்காக அவளுடைய அப்பா வாங்கி, ஏரியல் ஒடிந்ததும் கைவிட்ட தபால் அட்டை அளவு கறுப்பு வெள்ளை டிவி. மூன்றாவதாக, என் அப்பாவின் ஆறாம் எண் பெட்டி. அதற்குள்ளிருந்த கம்பளிகளை ஐந்திலும் ஏழிலும் திணித்தோம். ஆறாம் எண் மொட்டைமாடிச் சின்ன அறைக்குப் போய் இரண்டு துண்டானது.

பொத்தானுக்குத்தான் வழியில்லை. அமுக்கினால் உள்ளே போக வேண்டும், விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். ஒரு சாயங்காலம் கீழ் கேட்டில், யாராவது திறந்துவிடுவார்கள் என்று காத்து நின்றபடி டும்பா காலிங் பெல்லை அமுக்கிக்கொண்டே இருந்தாள். சட்டென்று நிறுத்தினாள். மறுபடி மெதுவாக ஒரு முறை அமுக்கி, விட்டாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

கேட்டில் மூன்று பெல், வீட்டு வாசல்களில் மூன்று. மறுநாள் மதியம், பெரியவர்கள் உறங்குகிற நேரம், ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஆறையும் கழற்றினோம். கரண்ட் போய்விட்டதென்று வீடே போர்வைக்குள் புரண்டு படுத்தது. (இதைப் படிக்கிற குழந்தைகள் யாரும் செய்து பார்க்கக் கூடாது. பெரியவர்களும்தான்.) கம்பி முனைகளை டேப் சுற்றி உள்ளே தள்ளி, மேலே "பெல் பழுது" என்று அட்டை ஒட்டினோம். டும்பாவின் அப்பா எலெக்ட்ரிக் மிஸ்திரியைக் கூப்பிட வேண்டும் என்றார். "நான் போய்ச் சொல்லிட்டு வரேன் பாபா" என்று டும்பாவே பொறுப்பாகக் கிளம்பினாள். தினமும் கிளம்பினாள். மிஸ்திரி தினமும் வேறு எங்கோ இருந்தார்.

பிறகுதான் ஒரு உபரி லாபம் தெரிந்தது. எங்களுக்கு வீட்டுக்கு வந்து கணக்குச் சொல்லித் தருகிற மாஸ்டர் ஒருவர் உண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் வருவார், அவ்வளவு நல்லவர். குரல் எழுப்பத் தெரியாத மனிதர். கேட்டில் பெல் இல்லாமல், பூட்டின கம்பிக் கதவைக் குடைக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பத்து நிமிஷம் நின்று, திரும்பிப் போனார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குனிந்துகொண்டு இதைப் பார்த்தோம். அல்ஜீப்ரா நடந்து போவதை அப்படிப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

குச்சிக்கு அம்மாவின் மத்து. தகரத்தில் துளை போட்டு, சைக்கிள் ட்யூப் ரப்பரால் மத்தின் நடுவை இறுக்கிக் கட்டினோம். மேலே பிடி, கீழே மத்தின் தலை. தலையைச் சுற்றி நான்கு திசையிலும் நான்கு பெல் சுவிட்ச். பிடியை ஆட்டினால் தலை போய் இடிக்கும், சுவிட்ச் அமுங்கும். மீதி இரண்டும் குதிக்கவும் சுடவும். ஸ்க்ரூடிரைவரை ஸ்டவ்வில் பழுக்கக் காய்ச்சி ஈயம் வைத்து ஒயர்களை ஒட்டினோம். என் இடது கட்டைவிரலில் அதன் முத்திரை இன்னும் இருக்கிறது. முதல் முறை ஓட்டியபோது இடது பக்கம் தள்ளினால் விமானம் வலது பக்கம் போனது. பேய் பிடித்துவிட்டது என்றாள் டும்பா. பேய் இல்லை. பிடி இடது பக்கம் போனால் கீழே தலை வலது பக்கம்தானே போகும்? அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முழு நாள் ஆனது. கணக்கு மாஸ்டர் வந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை அம்மா காய்கறி வாங்கப் போயிருந்தாள். கீழே தெருவிலிருந்து யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஸ்க்ரூடிரைவர் சரியான பதத்தில் காய்ந்திருந்தது. நாங்கள் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இறங்கிப் பார்த்தால் தபால் பெட்டியில் ஒரு சீட்டு. அம்மா பெயருக்குப் பதிவுத் தபால் வந்திருக்கிறது, ஆள் இல்லாததால் தபால் நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளவும். அதைக் கொடுத்தால் ஏன் பெல் அடிக்கவில்லை என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் மொட்டைமாடிக்கு வரும். பெட்டி முடிய இன்னும் இரண்டே நாள் வேலைதான். சீட்டை மடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தபால்காரர் வருகிற நேரத்துக்கு அம்மா வராந்தாவில் வந்து நின்றாள். யோசித்துப் பார்த்தால், அந்தத் திங்கட்கிழமை தவிர ஒரு வாரமாகவே அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். புதன்கிழமை காலையிலேயே வந்து நின்றாள். என்னிடம் இல்லை, கம்பியிடம் பேசுகிற மாதிரி, "இந்தத் தபால்காரன் நம்ம தெருவையே மறந்துட்டான் போலுக்கு" என்றாள். ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துவந்து சீட்டை நீட்டினேன்.

"ஏட்டி, இது எப்ப வந்துச்சு?"

"திங்கக்கெழம."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். தபால் நிலையம் திறந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கி, அங்கேயே நின்று பிரித்தாள். லேக் மார்க்கெட் பக்கத்தில் தென்னிந்தியப் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தின் கடிதம். ஆசிரியை வேலைக்கு நேர்முகத் தேர்வு. இன்றைக்கு, பதினோரு மணிக்கு.

அம்மா பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள் என்பது எனக்குத் தெரியும். பால் கார்டு எங்கே இருக்கிறது என்பது தெரிவதைப் போலத் தெரியும். அதற்குமேல் அதைப்பற்றி நான் யோசித்ததில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது." கரையில் மஞ்சள் கறை பட்ட வீட்டுச் சேலையை ஒரு முறை குனிந்து பார்த்தாள். "சேல மாத்தவெல்லாம் நேரமில்ல. ஓடிப்போயி எந் டிரங்குப் பொட்டிக்கு அடியில நீல ஃபைலு இருக்கு, எடுத்துட்டு வா. வாரப்ப சொல்லு, என்ன பண்ணித் தொலச்ச?"

ஓடிப்போய் எடுத்து வந்தேன். பஸ்ஸில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். பார்லர், பாப்பாதா, பெல், மத்து. ஆறாம் எண் பெட்டியை மட்டும் சொல்லாமல் விட்டேன், ஒரே நாளில் அத்தனையும் தாங்க மாட்டாள் என்று. அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது சொன்னாள்: "ஒன் பெல்லு விஷயம் ஒங்கப்பா காதுக்குப் போவாது. என் விஷயமும் ஒன் வாயிலருந்து போவக் கூடாது. புரிஞ்சுதா?"

நாற்பது நிமிஷம் தாமதம். தலைமை ஆசிரியை அறைக்கு அரைக் கதவு. வெளியே பெஞ்சில் நான். குனிந்தால் அம்மாவின் ரப்பர் செருப்பு தெரிந்தது. உள்ளே குரல் கேட்டது: "என்னம்மா, பஸ் கெடைக்கலையா?"

அம்மா தலையாட்டியிருக்கலாம். கல்கத்தாவில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"இல்ல மேடம். எம் பொண்ணு காலிங் பெல்லக் கழத்திட்டா. லெட்டர் கைக்கு வரல."

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கஞ்சி போட்ட வங்காளப் பருத்திச் சேலையில், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அம்மாள். எதற்குக் கழற்றினாய் என்று கேட்டார். பார்லரில் விடவில்லை, அதனால் நாங்களே பெட்டி செய்கிறோம் என்றேன்.

"வேலை செய்யறதா?"

"எடது பக்கம் தள்ளினா வலது பக்கம் போச்சு மேடம். நேத்துதான் சரி பண்ணினோம்."

"சரி. வெளியில உக்காரு." அம்மாவிடம் திரும்பி, "சர்ட்டிஃபிகேட்டைக் குடுங்கோ" என்றார். சிரிக்கவே இல்லை. நான் இன்றுவரை யோசிக்கிறேன், அரைக் கதவு மூடினபிறகாவது சிரித்தாரா என்று.

திரும்பும் வழியில் அம்மா ஒரு எலெக்ட்ரிக் கடையில் நுழைந்தாள். வெளியே வந்து ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். ஆறு புதிய காலிங் பெல் சுவிட்ச்.

"இத கேட்டுலயும் வாசல்லயும் மாட்டுங்க, மிஸ்திரிய வச்சு. பழசு அங்கனயே இருக்கட்டும். மத்த மட்டும் குடுத்துரு."

"அதையும் கட்டியாச்சும்மா."

"நெனச்சேன்" என்றாள் அம்மா. "ஒரு வாரமா மோரக் கரண்டியால அடிச்சிட்டிருக்கேன்."

வேலை கிடைத்தது. கேட்ட கணக்கு வகுப்பு இல்லை. காலையில் மட்டும், சின்ன வகுப்புகளுக்குத் தமிழும் கூட்டல் கழித்தலும். அம்மா அன்று சாயங்காலம் தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள். "எப்ப அப்ளிகேஷன் போட்ட?" என்றார் அப்பா. "நீங்க மேட்ச் பாத்துட்டு இருக்கையில" என்றாள். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து வரும்போது பெண்கள் பிடிக்கிற ஒரு புதுக் குடை வாங்கி வந்து ஆணியில் மாட்டினார்.

பெட்டியின் திறப்பு விழா சரஸ்வதி பூஜை அன்று. வங்காளத்தில் அது தை மாசியில் வரும். அங்கேயும் அன்றைக்குப் புத்தகத்தைத் தொடவே கூடாது, எல்லாம் தேவியின் காலடியில் இருக்கும். அப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, எங்கள் கட்சிக்காரர். தெருப் பெண்பிள்ளைகள் மஞ்சள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிரசாதக் கிச்சடி ஒட்டின கையோடு, மூன்று மாடிப் படியில் வரிசை கட்டினார்கள். அரைப் பெட்டி ஒரு முக்காலிமேல். தபால் அட்டை டிவியைச் சுற்றி வெள்ளிக் காகிதம் மினுங்கும். அரை மணி ஓடினால் டிவியின் சூட்டில் பலகை கமகமவென்று தேயிலை மணக்கும். அந்த மாதிரி மணக்கிற விளையாட்டுப் பெட்டி உலகத்தில் வேறு இருந்திருக்காது. ஒவ்வொரு முறை சுடும்போதும் பெல் சுவிட்ச் "டக்" என்னும். பழக்க தோஷத்தில் யாராவது, "தொர்ஜா கோலோ", கதவைத் திற என்று கத்துவார்கள்.

செய்தி சந்து வரை போய் பாப்பாதாவே வந்துவிட்டார். படியேறி வந்து, பெட்டியை முன்னும் பின்னும் பார்த்து, மத்தைத் தொடக் கை நீட்டினார். டும்பா குறுக்கே நின்றாள். மிகவும் அன்பாக, "ஏட்டா செலேதேர் ஜாய்கா நொய்" என்றாள். ஆண்பிள்ளைகளுக்கான இடம் இல்லை. படி முழுக்க மஞ்சள் சேலைகள் விழுந்து விழுந்து சிரித்தன. பாவம், அந்த மனிதருக்குக் காதுவரை சிவந்துபோயிற்று. அப்புறம் ஒரு ஆட்டம் விட்டோம். கீழே போக வேண்டுமானால் மத்தைச் சற்றுத் தூக்கி இழுக்க வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. ஒரு நிமிஷத்தில் மூன்று உயிரும் போய், அடுத்த வாரத்திலிருந்து பெண்பிள்ளைகளும் பார்லருக்கு வரலாம் என்று அறிவித்துவிட்டு இறங்கினார். நாங்கள் போகவில்லை. எங்களுக்குத்தான் இடம் இருந்ததே.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவின் மாற்றல் நிஜமாகவே வந்தது. வராந்தாவில் பெட்டிகளை வரிசையாக வைத்து எண்ணினார். ஐந்து. ஏழு. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "ஏட்டி, ஆறு எங்க?" அம்மா உள்ளேயிருந்து வந்தாள். நான் சொல்லாமல் விட்ட ஆறாம் எண்ணும் நீல ஃபைல் எடுத்த அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முகத்தில் ஒரு சலனமில்லாமல், "ஆறு எப்ப இருந்துச்சு? அஞ்சுக்கு அப்புறம் ஏழுன்னு எழுதி வச்சது நீங்கதான்" என்றாள். அப்பா சிவப்பு டப்பாவைத் தேடி எடுத்துவந்தார். பிறகு ஏழை ஆறாக்கி, எட்டை ஏழாக்கிப் பெயிண்ட் அடித்தார்.

விளையாட்டுப் பெட்டி டும்பாவிடம் நின்றுவிட்டது. சில மாதத்தில் டிவியின் படக்குழாய் போய்விட்டதாக எழுதினாள். பிறகு கடிதங்கள் குறைந்தன, பிறகு செல்ஃபோன் வந்து இருவரும் மறுபடி பேசிக்கொண்டோம். அவள் இப்போது கல்யாணமாகி ஹவுராவில் இருக்கிறாள். பாதி ஆங்கிலத்தில்தான் பேசுகிறோம். என் வங்க மொழி துருப்பிடித்துவிட்டது, திட்டுகிற வார்த்தைகள் மட்டும் பளபளவென்று இருக்கின்றன. பாப்பாதாவின் வீடியோ பார்லர் கொஞ்ச காலம் செல்ஃபோன் கடையாக இருந்து, இப்போது அவர் மருமகள் நடத்துகிற அழகு நிலையமாம். பலகையில் பார்லர் என்ற சொல் அப்படியே இருக்கிறது. கதவில் "பெண்களுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறது என்று சொல்லி டும்பா ஃபோனிலேயே மூச்சு முட்டச் சிரித்தாள்.

வீட்டைத்தான் இடித்துவிட்டார்கள். புரமோட்டர் வந்து அடுக்குமாடி கட்டிவிட்டார். எங்கள் டிவி கேம் எந்த மதிப்பெண்ணையும் ஞாபகம் வைக்காது. கரண்ட் போனால் எல்லாம் பூஜ்யம். அதனால் மொட்டைமாடி அறைச் சுவரில் பென்சிலால் எழுதிவைப்போம். அந்தப் பட்டியலில் முதலிடம் எனக்கும் இல்லை, டும்பாவுக்கும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, துணி காயப்போடுகிறேன் என்று வாளியோடு மேலே போய், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாரியா? வா. செத்துப் போ, மூதி" என்று பல்லைக் கடித்தபடி மத்தை ஆட்டிக்கொண்டிருந்த ஒருத்திக்கு. பெயர் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் "மா" என்று மட்டும் எழுதினோம். அதை நாங்கள் இருவரும் கடைசிவரை தாண்டவில்லை. வெள்ளையடித்தபோதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டு அடிக்கச் சொன்னாளாம் டும்பா.

அம்மா இப்போது தூத்துக்குடியில் இருக்கிறாள், ஓய்வுபெற்ற ஆசிரியை. நேற்று ஃபோனில் கேட்டேன். "நானா? வெளையாட்டா? எனக்கு அதுக்கெல்லாம் எங்கட்டி நேரம் இருந்துச்சு?" என்கிறாள். டும்பாவைக் கேட்டுப் பார் என்றால், "அவ ஒன் கூட்டாளி" என்கிறாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டலாம் என்றால், சுவர் இல்லை.